அயல் டொமைனிலிருந்து வரும் வார்ப்புரு

மட்டக்களப்பு–கல்முனை வீதியிலுள்ள தேற்றாத்தீவில் ஒருவர் கைபேசியில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரிவது ஒரே பக்கம். ஆனால் எழுத்துரு ஓரிடத்திலிருந்தும், படம் வேறிடத்திலிருந்தும், பக்கத்தின் சட்டகமான வார்ப்புரு மூன்றாவது இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். மூன்றிலும் வார்ப்புருவே ஆபத்தானது. அதற்குள் இயங்கும் கட்டளைகள் இருக்கும்; அயலார் எழுதியதும் தளத்தின் சொந்த நிரலாகவே ஓடும். நாம் தட்டச்சிடும் கடவுச்சொல்லைக்கூட அதனால் படிக்க முடியும்.

இணையத்தளங்களை உருவாக்க உதவும் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் மென்பொருள், 2013இல் வந்த 1.2 பதிப்பிலேயே இதற்குக் கதவடைத்தது. சொல்லிவைக்காவிட்டால் சொந்த டொமைனிலிருந்து மட்டுமே வார்ப்புருவை எடுக்கும். வெளியிலிருந்து வேண்டுமென்றால் அந்த முகவரியை நம்பகப் பட்டியலில் எழுத வேண்டும். வார்ப்புருவை வைத்திருக்கும் சர்வரும், வேறு டொமைனின் பக்கம் அதைப் படிக்கலாம் என்ற ‘கோர்ஸ்’ அனுமதியைத் தர வேண்டும். பலர் இந்த அனுமதி கிடைத்ததும் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அது காப்பது கொடுப்பவரை. வாங்குபவரைக் காப்பது பட்டியல்தான்.

பட்டியலில் சறுக்கும் இடம் நட்சத்திரக் குறி. ஒற்றை நட்சத்திரம் புள்ளி, சாய்கோடு போன்ற பிரிப்புக் குறிகளைத் தாண்டாது. இரட்டை நட்சத்திரம் எதையும் தாண்டும். அதை டொமைன் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டால், தீயவர் தம் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் அந்த நல்ல பெயரை ஒட்டிக்கொண்டே நுழைந்துவிடலாம். ஆங்குலர்ஜேஎஸ் கையேடே இதை எச்சரிக்கிறது.

முகவரி சரியாக இருந்தும் ஏமாந்த கதை உண்டு. பக்கங்களை வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற சேவையின் ஸ்கிரிப்ட் கோப்பை 2018 பெப்ரவரி 11 அன்று யாரோ மாற்றிவிட்டார்கள். பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் உட்பட 4,000க்கும் மேற்பட்ட தளங்களுக்கு வந்தவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலே மொனேரோ என்ற மின்நாணயத்தை உருவாக்க உழைத்தன. இலங்கையில் 2021 பெப்ரவரி 6 அன்று கூகுள்.எல்கே உட்படச் சில டொமைன்களுக்குப் போனவர்கள் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். இப்படி டொமைன் பெயரே கைமாறினால் பட்டியல் என்ன செய்யும்?

ஸ்கிரிப்டுக்காவது கோப்பு மாறவில்லை என்று பிரவுசரே சரிபார்க்கும் வசதி இருக்கிறது. ஆங்குலர்ஜேஎஸ் எடுத்துவரும் வார்ப்புருவுக்கு அதுவும் இல்லை. அந்த மென்பொருளுக்கான கூகுளின் ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்தது. இன்னும் அதில் தளம் நடத்துவோர் பட்டியலில் எச்டிடிபிஎஸ் முகவரியை முழுமையாக எழுதட்டும். முடிந்தால் வார்ப்புருவைப் படித்துப் பார்த்துத் தம் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளட்டும்.