இரண்டு ஏரிகளும் ஒரு மூங்கில் தெப்பமும்

இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியும் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளமும் கேரளத்திலேயே உள்ளன. ஆயினும் முன்னதிலிருந்து பின்னதற்குக் காரில் செல்வோர் தமிழ்நாட்டினுள் நுழைந்தே செல்ல வேண்டும். பரம்பிக்குளத்திற்கு உள்ள சாலை, பொள்ளாச்சியை அடுத்த சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. இந்த விந்தையான வழியில் கணவனும் மனைவியுமாக நாங்கள் தை மாதத்தில் நான்கு நாள் வடக்கு நோக்கிப் பயணம் செய்தோம்.

தேக்கடியில் ஏறாத படகு

தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையால் உருவானது. மேற்கே ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, தேனி, மதுரைச் சீமைகளின் வயல்களை நனைக்கிறது.

இந்த ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. எங்களுள் ஒருவருக்கு அச்செய்தி மனத்தை விட்டு அகலவே இல்லை. அவர் யார் என்பதை எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு! படகுத்துறை வரை சென்று, நீரில் நின்ற பட்டமரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மற்றவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்றிரவு உணவின்போது இருவரும் அதிகம் பேசவுமில்லை.

மழை மறையும் மலைச்சாலை

மறுநாள் ஏலத்தோட்டங்களின் ஊடே நெடுங்கண்டம், பூப்பாறை வழியாக மூணாறு சேர்ந்தோம். மூன்றாம் நாள் மறையூர்ச் சாலையில் இறங்கினோம். 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியின் அடிவாரத்துத் தேயிலைப் பசுமை சிறிது சிறிதாகக் குறைய, வேலியிட்டுக் காக்கப்படும் சந்தனக் காடுகள் வந்தன. மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொப்பரையில் கரும்புச்சாறு கொதிக்கும் மணத்தை நுகர்ந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்புவதில்லை, நாங்களும் வாங்கினோம்.

அதற்கப்பால் சின்னாறு. மலையின் மழை மறைவுப் பகுதியாதலால் இங்கே முட்புதர்களும் கள்ளியுமே மிகுதி. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்றான பாம்பாறு இவ்வழியே சென்று அமராவதியில் கலக்கிறது. எல்லைச் சாவடியைக் கடந்து உடுமலை வழியாகப் பொள்ளாச்சியில் தங்கினோம்.

பரம்பிக்குளத்தில் ஏறிய தெப்பம்

நான்காம் நாள் காலை சேத்துமடைச் சோதனைச் சாவடி. டாப்சிலிப் தாண்டி ஆனப்பாடியில் மீண்டும் கேரளம். பரம்பிக்குளம் 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 7 மீட்டர் சுற்றளவுள்ள கன்னிமாரா தேக்கு இங்குதான் நிற்கிறது. இருவரும் கைகோத்தும் அதன் பாதியைக்கூட அணைக்க இயலவில்லை.

இங்குள்ள நீர்த்தேக்கமும் தேக்கடியின் உடன்பிறப்பே. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதல் செல்லுபடியாவதாக ஏற்கப்பட்டது. அணை கேரளத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. சுரங்கங்களின் வழியே இந்நீர் சர்க்கார்பதி மின்நிலையத்தைச் சுழற்றி, திருமூர்த்தி அணைக்குச் செல்கிறது.

கரையில் மூங்கில் தெப்பம் காத்திருந்தது. காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் வாழும் காடு இது. துடுப்பாளரும் அவர்களுள் ஒருவரே. உயிர்காப்பு உடைகளை அணிவித்து, வார்களைத் தாமே இழுத்துப் பார்த்தார். பின்னால் வந்த இருவர் தங்களையும் ஏற்றிக்கொள்ளுமாறு எவ்வளவோ கேட்டும் இணங்கவில்லை. "அடுத்த தெப்பத்தில் வாங்க, சார்" என்றதோடு சரி. அதைக் கண்டபின் தேக்கடியில் தயங்கிய கால் முதலில் தெப்பத்தில் ஏறியது.

ஏரியின் நடுவே, எதிர்க்கரையில் காட்டெருமைகள் தென்பட்டன. தெப்பத்தில் இருந்தவர்கள் எழ முயன்றனர். "யாரும் எழுந்திரிக்க வேண்டாம். அக்கா, நீங்க நடுவிலேயே இருங்க. நான் திருப்பிக் காட்டுறேன்" என்று கூறி, துடுப்பாளர் தெப்பத்தையே மெல்லத் திருப்பினார். அனைவரும் அமர்ந்தபடியே பார்த்தோம். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் கிடந்த அச்சம் கரைந்தது, துணிவு வந்ததனால் அன்று. பொறுப்பாக நடந்துகொள்ளும் ஒருவரைக் கண்டதனால்.

புறப்படுமுன்

பரம்பிக்குளத்தில் தங்கவும் தெப்பத்தில் செல்லவும் வனத்துறையிடம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சாவடிகளில் பகலில் மட்டுமே வாகனங்களை அனுமதிப்பதால் முற்பகலிலேயே சேத்துமடையை அடைவது நன்று. காட்டினுள் அலைபேசித் தொடர்பு நம்பத்தக்கதன்று. தேவையான ரொக்கத்தைப் பொள்ளாச்சியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நீர்நிலையாயினும், உயிர்காப்பு உடை தரப்படாத படகிலும் அளவுக்கு மீறி ஆளேற்றும் படகிலும் ஏறாதீர்கள். கட்டணம் செலுத்திவிட்டோமே என்று தயங்க வேண்டாம். அந்தத் தொகை போனால் போகட்டும்.