உறைகடலின் பயிர்

உறைந்த கடல் என்றதும் உயிரற்ற வெண்பாலை ஒன்றே நம் மனத்தில் தோன்றுகிறது. அவ்வெண்ணம் பிழையானது. ஆர்க்டிக் சமுத்திரத்திலும் தென்துருவத்தைச் சூழ்ந்த கடலிலும் மிதக்கும் பனிக்கட்டியைப் புரட்டிப் பார்த்தால், பல இடங்களில் அதன் அடிப்புறம் செம்பழுப்பு நிறம் பூசியது போலிருக்கும். அந்நிறம் அழுக்கன்று; பயிர். கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடிப் பாசிகள் அங்கே குடியிருக்கின்றன. அரசியல் விஷயங்களுக்குரிய இப்பக்கத்தில் பாசிக்கென்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கூடிச் செய்த உடன்படிக்கையொன்றின் நியாயம் அப்பாசியிலே அடங்கியிருக்கிறது என்பதே நமது விடை.

1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் ராஸ் தலைமையில் தென்துருவக் கடலில் யாத்திரை செய்தவர்களுள் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவர சாஸ்திரியும் ஒருவர். பனிக்கட்டியின் பழுப்பு நிறத்துக்கு டையாட்டம் என்னும் நுண்பாசியே காரணமென்பதை அவர் கண்டார். பின்னர் 1893 முதல் 1896 வரை நார்வே தேசத்து நான்சென் தமது பிராம் கப்பலை ஆர்க்டிக் பனியோடு மிதக்கவிட்டபொழுது, பனிமேல் தேங்கிய குட்டைகளின் நீரைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து அங்கும் இவ்வுயிர்களைக் கண்டார்.

கட்டியான பனிக்குள் இவை வாழ்வது எங்ஙனம்? கடல் நீர் சுழிக்குக் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரியில் உறைகிறது. உறையும்பொழுது நீர் மட்டுமே பளிங்காகிறது. உப்புக்கு அதில் இடமில்லை. ஒதுக்கப்பட்ட உப்பு, கடுங்கரிப்பான நீராகப் பனியினுள்ளே நுண்ணிய குழாய்களிலும் அறைகளிலும் தங்கிவிடுகிறது. அவையே இவ்வுயிர்களின் வீடுகள். குளிர் ஏற ஏற அந்நீரின் கரிப்பும் ஏறும். சுழிக்குக் கீழே 10 டிகிரியில் அது சாதாரணக் கடல் நீரைப்போல் நான்கு மடங்கு கரிக்கும். இதைத் தாங்கும்பொருட்டு இப்பாசிகள் பனியின் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களையும், தம்மைச் சுற்றிக் கோந்து போன்ற பொருளையும் சுரந்துகொள்கின்றன. வெளிச்சமோ மிகச் சொற்பம். 2019-20ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் ஆர்க்டிக் பனியில் ஓராண்டுக்காலம் மிதந்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகளுள் ஒன்று 2024-இல் வெளிவந்தது. மார்ச்சு மாதக் கடைசியில், பனியும் அதன் மேற்படிந்த வெண்பனியும் மறைத்தது போக எஞ்சிய மங்கலொளியிலேயே பனிக்கடியிலுள்ள நுண்பாசிகள் வளரத் தொடங்கிவிடுகின்றன என்பதே அது.

கடலில் வேறு உணவு அரிதாயிருக்கும் காலத்தில் விளைவதே இப்பயிரின் பெருமை. தென்துருவத்தில் கிரில் என்னும் சிற்றிறாலின் குஞ்சுகள் பனியின் அடியை மேய்ந்து மாரிக்காலத்தைக் கழிக்கின்றன. வடதுருவத்தில் பாசியைத் தின்னும் சிற்றுயிர்களைத் துருவக் காட் மீனும், மீனைச் சீலும், சீலைப் பனிக்கரடியும் தின்கின்றன. கரடியின் பலம் பாசி தந்த பலமேயாகும்.

அந்தப் பனி இப்பொழுது குறைந்து வருகிறது. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனியின் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று. 1979-இல் செயற்கைக்கோள் அளவீடு தொடங்கியது முதல் அதுவரை அத்தகைய குறைவு கண்டதில்லை. பனி மெலிந்தால் ஒளி மிகும், ஒளி மிகுந்தால் பாசி மிகும், ஆகவே லாபந்தானே என்று வாதிப்பாரும் உண்டு. அவ்வாண்டே போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்றவர்கள் கண்டது வேறு. மெலிந்த பனியினடியில் செழித்த மெலோசிரா என்னும் பாசி, பனி உருகியதும் கொத்துக்கொத்தாக 4,000 மீட்டர் ஆழத்துக்கும் கீழே கடலடியிற் போய் விழுந்து கிடந்தது. மேலே உள்ளவர்க்கு உதவக்கூடிய உணவு பாதாளத்துக்குப் போயிற்று. விளைச்சல் மட்டும் போதாது. உரிய காலத்தில் உரிய இடத்தில் கிடைத்தாலன்றோ அது உணவாகும்?

பனி விலகிய கடலில் மீன்பிடி கப்பல் நுழையத் தடையில்லை. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலுள்ள கடல் எவருக்கும் உரியதன்று. உரியவரில்லாத கடலின் கதியைப் பேரிங் கடல் காட்டியிருக்கிறது. அதன் நடுவே எல்லா நாட்டு எல்லைகளுக்கும் புறம்பான பகுதியில் 1980-களில் பல நாட்டுக் கப்பல்கள் பொல்லாக் மீனை வாரிக் குவித்தன. சில ஆண்டுகளில் மீன் ஒழிந்தது. 1994-இல் உடன்படிக்கை பிறந்தது. ஒழிந்த மீன்வளம் திரும்பி வரவில்லை.

மத்திய ஆர்க்டிக் கடலில் முறை மாறிற்று. 2018 அக்டோபரில் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கையெழுத்தாகி, 2021 ஜூனில் அமலுக்கு வந்த உடன்படிக்கை, சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர்க் கடலில் வியாபார மீன்பிடிப்பைப் பதினாறு ஆண்டுகளுக்கு விலக்கியது. அங்கே எவரும் அப்படி மீன் பிடிக்கத் தொடங்குமுன்னரே செய்த விலக்கு இது. சட்டம் கற்றோர் இதன் சிறப்பை எளிதில் உணர்வர். தீங்கு நேரும் என்று தடுப்பவன் நிரூபிக்க வேண்டும் என்பதே உலக வழக்கம். இங்கே, போதிய அறிவு கிட்டும்வரை ஒருவரும் கைவைக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. நிரூபிக்கும் பாரம் இடம் மாறியது.

ஆனால் இவ்விலக்கின் ஆயுள் 2037 வரையிலேதான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக அது நீளலாம். உடன்பட்டவர்களுள் ஒருவர் முறைப்படி ஆட்சேபித்தாலும் நீளாது. ஆகையால் இடையிலுள்ள ஆண்டுகளில் விஞ்ஞானிகள் பனியைத் துளைத்துச் செய்யும் ஆராய்ச்சி, கப்பல் முதலாளிகளுக்கு வழி காட்டும் தூதாக முடிந்துவிடலாகாது. எத்தனை மீன் பிடிக்கலாம் என்பது பிந்திய கேள்வி. அம்மீனை ஊட்டும் பயிர் நிலைக்குமா என்பதே முந்திய கேள்வி. அதற்கு விடை கிடைக்குமுன் ஆட்சேபக் குரல் எழுப்பும் அரசு எதுவாயினும், வயலைப் பாராமல் அறுவடைக்கு ஆள் அனுப்பும் மிராசுதாரைப் போன்றதே.