முதுகில் போடும் ஊசி

சகோதரிகளே, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியிலோ திண்டிவனம் ஆஸ்பத்திரியிலோ சிசேரியன் என்று சொன்னதும், "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்" என்று பயமுறுத்த ஒருவர் வந்துவிடுகிறார். குழுக் கூட்டங்களில் நாங்களும் இதை அடிக்கடி கேட்கிறோம்.

1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் ஆரம்பித்த முறை இது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, மெல்லிய ஊசியால் மருந்து போடுகிறார்கள். வயிறும் காலும் மரத்துப்போகும். இழுப்பது தெரியும், வலி தெரியாது. தாய் முழிச்சிருப்பார், குழந்தை அழுவதைக் கேட்கலாம்.

இடுப்பு வலி ஊசி போடாதவர்களுக்கும் வருகிறதே! பத்து மாசம் சுமந்தது, குனிந்து பால் கொடுப்பது, குடம் தூக்குவது, இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சில மணி நேரத்தில் மரப்பு தெளியும். அப்போதுதான் வலி ஆரம்பிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள்; லேசாக வலிக்கும்போதே நர்ஸிடம் சொல்லுங்கள். வலியோடு எழுந்து நடக்கவும் முடியாது, உட்கார்ந்து பால் கொடுக்கவும் முடியாது. மரப்பு தெளியாமலே இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

உட்கார்ந்தால் கடும் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் அது ஊசியால் வந்ததாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.