பேஸ் கிட்டாருக்கு இடம் போதாத இசைத்தட்டு

பழைய இசைத்தட்டு சேகரிப்பவரோடு ஒருமுறை கடைக்குப் போய்ப் பாருங்கள். பாட்டின் பெயரைப் படித்த கையோடு தட்டை உறையிலிருந்து உருவி, விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடிப்பார். அவர் தேடுவது கீறலை மட்டுமல்ல. ஊசி ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம் பளபளப்பை இழந்து சாம்பல் நிறம் காட்டும்.

1970-களின் பிரிட்டிஷ் ரூட்ஸ் ரெகே தட்டுகளைத் தேடுவோர் இதில் இன்னும் கவனம். ரெகே ஜமைக்காவில் பிறந்த இசை. கரீபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அதைத் தங்கள் குரலாக்கிக்கொண்டார்கள். பர்மிங்காமின் ஹேன்ட்ஸ்வர்த் பகுதியில் பள்ளித் தோழர்கள் 1975-இல் தொடங்கிய குழு ஸ்டீல் பல்ஸ். மேற்கு லண்டனில் அஸ்வாட், சவுத்தாலில் மிஸ்டி இன் ரூட்ஸ். நிறவெறியை எதிர்த்த இவர்களின் பாட்டு வெறும் மேடைப் பேச்சு அல்ல. 1979 ஏப்ரல் 23-இல் சவுத்தாலில் நடந்த எதிர்ப்புப் போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் உயிரிழந்தார். மிஸ்டி குழுவின் நிர்வாகி கிளாரன்ஸ் பேக்கர் தலையில் படுகாயமடைந்தார். அக்குழு 'பீப்பிள் யுனைட்' என்ற சொந்த முத்திரையில் தட்டுகளை வெளியிட்டது. இத்தகைய சிறு வெளியீடுகள் இன்று கைக்குக் கிடைப்பது அரிது.

இந்த இசையின் உயிர் பேஸ் கிட்டார். சிக்கலும் அதில்தான்.

தட்டின் பள்ளம் நேர்கோடு அல்ல, இடமும் வலமும் நெளியும். ஊசி அந்த நெளிவைப் பின்தொடர்ந்து அசைய, கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றன. ஃபாரடே விதிதான். ஊசி எவ்வளவு வேகமாக அசைகிறதோ, அவ்வளவு மின்னழுத்தம். அந்த வேகத்தின் உச்ச மதிப்பு 2π × அதிர்வெண் × வீச்சு. இப்போது கணக்கிடுங்கள்: 1000 ஹெர்ட்ஸ் ஒலி தரும் அதே மின்னழுத்தத்தை 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியும் தர வேண்டுமானால், பள்ளம் 20 மடங்கு அகலமாக நெளிய வேண்டும். பக்கத்துப் பள்ளத்தின் சுவரையே இடித்துவிடும்!

அதனால் தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்துவிடுவார்கள். 1950-களில் ஏற்பட்ட பொதுத் தர அளவின்படி, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 7-இல் ஒரு பங்காகச் சுருக்கப்படும். ஒலிபெருக்கியின் 'ஃபோனோ' இணைப்பு அதைப் பழைய அளவுக்கு உயர்த்தும். அப்படியும் ரெகேக்கு 7 அங்குலத் தட்டு போதவில்லை. பேஸ் ஓங்க ஓங்கப் பள்ளங்களுக்கு இடையே இடைவெளி கூடும். பாட்டின் நேரம் குறையும். 12 அங்குல 'சிங்கிள்' வந்ததும் நெளிவுக்கும் இடம் கிடைத்தது, நீண்ட டப் வடிவத்துக்கும் இடம் கிடைத்தது. அஸ்வாடின் 'வாரியர் சார்ஜ்' 1980-இல் அப்படித்தான் வந்தது.

இன்னொரு கணக்கு சேகரிப்பாளருக்கு நேரடியாக உதவும். 7 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 முறை சுற்றுகிறது. விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடும்; பாட்டு முடியும் உள்வட்டத்தில் சுமார் 25 மட்டுமே. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை தொடக்கத்தில் 0.04 மில்லிமீட்டர், முடிவில் 0.025 மில்லிமீட்டர். நெருக்கிய அலைகளை ஊசி சரியாகப் பின்தொடர முடிவதில்லை. தேய்ந்த தட்டில் 'ஸ்' ஒலிகளும் தாளத் தகடுகளும் கடைசி வரிகளில்தான் முதலில் கரகரக்கும். கடையில் போட்டுக் காட்டச் சொன்னால், முதல் அரை நிமிடம் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். கடைசி அரை நிமிடம் கேளுங்கள்.

ஊசியின் எடை 2 கிராம்தானே என்று தோன்றும். அது தொடும் பரப்போ கண்ணுக்குத் தெரியாத புள்ளி. அதனால் அழுத்தம் மிக மிக அதிகம். இடையில் ஒரு தூசு சிக்கினால் பள்ளத்தின் சுவரில் நிரந்தர வடு. உறையிலிருந்து உருவும்போது பிவிசி தட்டில் நிலைமின்னூட்டம் ஏறி, அது தூசியைத் தானே இழுத்துக்கொள்கிறது.

நம் ஊரில் வேறு இரண்டு எதிரிகள். ஈரப்பதத்தில் காகித உறை பூஞ்சை பிடிக்கும். வெப்பம் அதைவிட மோசம். பிவிசி 80 பாகை செல்சியஸ் வாக்கில் இளகும். தட்டுக்கான கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டிய காரின் முன்பலகை ஏறத்தாழ அந்தச் சூட்டை எட்டிவிடும்.

இதை நான் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கிலாந்திலிருந்து அஞ்சலில் வந்த ஸ்டீல் பல்ஸ் தட்டு ஒன்றைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அது அப்பளம்போல் வளைந்திருந்தது. இரு கண்ணாடிகளுக்கு இடையே வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி மாதக்கணக்கில் காத்திருந்தும் முழுதாக நிமிரவில்லை. இன்றும் அதைப் போடுகிறேன். நிமிடத்துக்கு 45 முறை ஊசி மேடேறி இறங்குகிறது. பேஸ் கிட்டாரின் சுருதியும் அதோடு சேர்ந்து லேசாக அசைகிறது.