மலையேறினால் இயந்திரத்துக்கும் மூச்சுத் திணறும்

ஈப்போவில் சீராக ஓடிய ஏ.டி.வி. வாகனம், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையில் ஏன் கரும்புகை கக்குகிறது?

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. கார்புரேட்டரின் குறுகிய பகுதியில் காற்று விரைந்து பாயும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. இதுதான் பெர்னூலி தத்துவம். இந்த அழுத்த வேறுபாடு, ‘ஜெட்’ என்னும் சிறு பித்தளைத் திருகின் நுண்துளை வழியாகப் பெட்ரோலை மேலே தள்ளுகிறது.

மலையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. பெட்ரோலின் அளவோ ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே குறைகிறது. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது, இயந்திரம் வலுவிழக்கிறது. தீர்வு, சற்றுச் சிறிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்துவது.

உண்மையான ஆபத்து மலையிறங்கிய பிறகுதான். அதே சிறிய ஜெட்டுடன் கீழே வேகமாக ஓட்டினால், அடர்ந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காது. இயந்திரம் அளவுமீறிச் சூடேறும், பிஸ்டனே உருகிவிடலாம்.

ஸ்பார்க் பிளக்கின் நிறம் நிலைமையைக் காட்டும். இளம்பழுப்பு என்றால் சரியான கலவை. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளிறிய வெண்மை என்றால் பெட்ரோல் போதவில்லை. உடனே பெரிய ஜெட்டுக்கு மாற வேண்டும்.