இழைப்புளிக்கு மறுவாழ்வு

ஆண்டிற்கொரு முறை, ஆயுத பூஜை நாளன்று, நம் நாட்டுத் தொழிலாளி தன் கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறான். நெசவாளி தறிக்கும், குடியானவன் ஏருக்கும், தச்சன் உளிக்கும் இழைப்புளிக்கும் செய்யும் மரியாதை அது. ஆனால் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களிலும் அக்கருவிகள் எந்நிலையில் இருக்கின்றன என்று கேட்டால், பல இடங்களில் மகிழ்ச்சி தரும் விடை கிடைப்பதில்லை.

சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் பார்வையிடுவது நமது கடமைகளுள் ஒன்று. தளவாடங்களின் பெறுமதியை ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக் குறைத்து எழுதுகிறோம். இறுதியில், பெயரளவில் ஒரு ரூபாய் என்று நிறுத்தி வைக்கிறோம். கணக்கு முறைக்கு இது சரியே. ஆயினும் ஏட்டில் ஒரு ரூபாயாக நிற்கும் இழைப்புளியின் உண்மைப் பெறுமதி ஒரு ரூபாய் அன்று. அதனைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுமுன், அதற்கு மறுவாழ்வு அளிக்க இயலுமா என்று உறுப்பினர்கள் ஒரு முறை சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன?

இழைப்புளி தச்சனுடைய கருவி. நெய்வோருக்கும் பயிரிடுவோருக்கும் அதனோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தறியைப் பாருங்கள். நெய்த துணி சுற்றப்படும் படைமரத்தில் ஒரு சிறு சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், துணியில் இழை இழுபடும். நாடா ஓடும் பலகை ஒரு நூலளவு மேடுபள்ளமாக இருந்தால் நாடா தடுமாறிப் பாவிழைகள் அறும். சின்னாளபட்டி போன்ற நெசவூர்களில் தறி பழுது பார்க்கும் தச்சனின் கைத்திறனில் நெசவாளியின் கூலி அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

மலைத்தோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கங்களில் காப்பித் தோட்டம் வைத்திருப்போர் தேனீப் பெட்டியும் வைப்பதுண்டு. தேனீக்கள் தம் நடமாட்டத்திற்கென்று ஒரு குறிப்பிட்ட இடைவெளியை மட்டும் விட்டுவைக்கும். அதனினும் அகன்றால் அங்கே அடை கட்டும், குறுகினால் பிசின் கொண்டு அடைத்துவிடும். இவ்வுண்மையை 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் பாதிரியார் கண்டறிந்து, கழற்றி மாட்டத்தக்க சட்டங்கள் கொண்ட பெட்டியை உருவாக்கினார். நம் நாட்டுத் தேனீ உருவில் சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் அமைத்தார். அப்பெட்டியின் சட்டங்கள் மிக நுட்பமான அளவில் அமைய வேண்டும். அந்நுட்பத்தை மரத்திற்குத் தருவது கூர்மையான இழைப்புளியே.

கருவியின் வரலாறு

இழைப்புளி மிகத் தொன்மையான கருவி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரத்து இடிபாடுகளில் உரோமானியர் பயன்படுத்திய இழைப்புளிகள் கிடைத்துள்ளன. வைரம் பாய்ந்த மரக்கட்டையில் ஒரு வாயைக் குடைந்து, அதிலே அலகைச் சாய்வாக வைத்து, ஆப்பு இறுக்கி உருவாக்கும் மர இழைப்புளியை நம் தச்சர்கள் தாமே செய்துகொண்டனர். இரும்பாலான உடலும், அலகை ஏற்றி இறக்கும் திருகும் கொண்ட இழைப்புளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்காவில் லெனார்டு பெய்லி என்பவர் 1867இல் காப்புரிமை பெற்ற அமைப்பை 1869இல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாம்ப்டன் கம்பெனி 1931 முதல் ‘ரெக்கார்ட்’ என்னும் பெயரில் அதே அமைப்பில் இழைப்புளிகளை வெளியிட்டது. ஏறத்தாழ 9 அங்குல நீளமுடைய 4ஆம் எண்ணும், 14 அங்குல நீளமுடைய 5ஆம் எண்ணும் இன்றளவும் அதே எண்களால் வழங்கப்படுகின்றன. இந்த ஒருமைப்பாட்டினால் ஒரு நன்மை உண்டு: பழைய உடலுக்குப் புதிய அலகு பெரும்பாலும் பொருந்திவிடும்.

1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பிய காலந்தொட்டு மலையில் தச்சு வேலைக்குக் குறைவிருந்ததில்லை. மோட்டார் சாலை ஏற்படுமுன், பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான மலைப்பாதை வழியே பொருள்களை மனிதர் சுமந்தே மேலேற்றினர். ஆணியானாலும் கருவியானாலும் அன்று வந்த இரும்பெல்லாம் ஒருவருடைய தோளின் மீது வந்ததே. அத்தகைய இரும்பை மண்ணில் போட்டு வைக்க நமக்கு மனம் வரலாமா?

துரு என்னும் பகை

சுமார் 7,000 அடி உயரத்தில் மேகமே வீட்டிற்குள் நுழையும் ஊரில் இரும்பு துருப்பிடிப்பது வியப்பன்று. நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேருமிடத்தில் துரு தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டறைத் தரையில் வைத்த கருவி சில நாட்களிலேயே சிவந்துவிடும். இதற்குமேல் மூன்று காரணங்களை மலைவாழ் உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒன்று, உரக் கிடங்கு. பொட்டாஷ் உரத்தில் உப்பின் இனமான குளோரைடு உள்ளது. அது இரும்பை விரைந்து அரிக்கும். உர மூட்டைக்கருகில் கருவிப்பெட்டியை வைத்தல் ஆகாது. இரண்டு, சீகை மரம். தோல் பதனிடும் பட்டைக்கென்று இம்மலைகளில் வளர்க்கப்பட்ட இம்மரம் துவர்ப்புச் சத்து மிக்கது. ஈரமான துவர் மரம் இரும்பைத் தொட்டால் மரத்தில் கருநீலக் கறை படியும், அலகும் கெடும். வேலை முடிந்தவுடன் அலகைத் துடைத்தல் அவசியம். மூன்று, தேங்காய் எண்ணெய். சமவெளியில் பலரும் கருவிக்குத் தடவுவது இதுவே. ஆனால் சுமார் 24 டிகிரி வெப்பத்திற்குக் கீழே இது உறைந்துவிடும். கொடைக்கானலில் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும். உறைந்த எண்ணெய் திருகுகளின் இடுக்கில் பரவாது. நல்லெண்ணெய் நாட்பட்டால் பிசுக்காகும். ஆதலின் தையல் இயந்திர எண்ணெயே இங்கு ஏற்றது.

சீர்செய்யும் முறை

முதலில் இழைப்புளியை முற்றிலும் கழற்ற வேண்டும். இறுகிய திருகுகளை முறுக்கி உடைக்காமல், மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் இளகும். வார்ப்பிரும்பு தட்டினால் விரிசல் விடும் இயல்புடையது, சுத்தியல் கூடாது. மரக் கைப்பிடிகளைத் தனியே எடுத்து வைக்கவும்.

துருவேறிய இரும்புப் பாகங்களைச் சமையலுக்குதவும் வினிகரில் ஓர் இரவு மூழ்கவைத்து, மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். நாட்கணக்கில் விட்டுவிட்டால் புளிப்பு நல்ல இரும்பையும் தின்னும். தேய்த்த பின் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். கடைகளில் விற்கும் கடுந்திராவகங்களை நாடுதல் வேண்டா. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் ஈரப்படுத்தித் தேய்ப்பதே நலம்.

அடுத்து அடிப்பரப்பு. தடித்த கண்ணாடித் துண்டின் மீது உப்புத்தாளை விரித்து, இழைப்புளியின் அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இட்டுத் தேய்க்கவும். அலகை உள்ளிழுத்து, ஆனால் வேலைக்கு இறுக்குவது போலவே இறுக்கிய நிலையில் தேய்ப்பது முக்கியம். இறுக்கத்தினால் உடல் சிறிது வளைவதுண்டு. முன்முனை, வாய், பின்முனை ஆகிய மூன்றிடத்தும் கோடுகள் அழிந்தால் போதுமானது. பளபளப்புக்காக இரும்பை வீணே தேய்த்தல் செலவே அன்றி வரவன்று.

அலகே உயிர். அதன் பின்புறத்தை விளிம்பையொட்டிக் கட்டைவிரல் அகலத்திற்கேனும் மட்டமாக்க வேண்டும். இதை விட்டுவிட்டு முன்புறத்தை மட்டும் எத்தனை நாழிகை தீட்டினாலும் கூர்மை நிலைக்காது. சாய்வுக்கு எளிய கணக்கு ஒன்றுண்டு: சாய்ந்த முகத்தின் நீளம் அலகின் கனத்தைப்போல் இருமடங்காயின் கோணம் 30 பாகை. சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். நுனி நீலம் பாய்ந்தால் உருக்கின் பதம் கெட்டது என்று பொருள். அப்பகுதியைத் தேய்த்து நீக்கியாக வேண்டும். பின்னர்ச் சாணைக்கல்லில் தீட்டி, மறுபுறம் எழும் பிசிறைத் தோல்வாரில் இழுத்து அகற்றவும். அலகின் மேலமரும் மூடுதகடு நூலிடைவெளியும் இன்றிப் படிய வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவலாகாது. ஊடுருவினால் சீவல் அங்கே புகுந்து அடைத்துக்கொள்ளும்.

கைப்பிடி பிளந்திருப்பின் பசையிட்டுக் கட்டி, ஆளிவிதை எண்ணெய் பூசலாம். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. விரித்துக் காயவிட வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் சோதனை. சில்வர் ஓக் பலகையை எடுத்துக் கொள்ளுங்கள். அலகு சரியாயின், சீவல் அறாமல் சுருண்டெழும்; மரம் உப்புத்தாள் காணாமலே மினுமினுக்கும். தைல மரத்தின் முறுக்கிய இழைகள் பெயராமல் வருமாயின் உங்கள் உழைப்பு முழு வெற்றி என்று கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மீட்க இயலுமா?

இயலாது. உடலில் வாயின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தாலோ, அலகின் பின்புறம் துருவால் ஆழமாகக் குழிந்திருந்தாலோ அப்பாகத்தை நீக்கத்தான் வேண்டும். ஆயினும் திருகும் மூடுதகடும் மற்றொன்றுக்கு உதவும். மின்சார இழைப்பு இயந்திரத்தின் விரைவை நாம் மறுக்கவில்லை. நூறு பலகை இழைக்க அதுவே தகும். ஆனால் மாட்டிய கதவைச் சற்றே குறைக்கவும், தறியில் ஓரிடத்தை மட்டும் சீவவும், மழைநாளில் மின்சாரம் நின்றபோது வேலையை முடிக்கவும் கைக்கருவிக்கு நிகரில்லை. மற்றொன்றும் சொல்ல வேண்டும். மர இழைப்புளியின் மீது முன்னோர் பொறித்த பெயரும், கைபட்டுத் தேய்ந்த பள்ளமும் அழுக்கல்ல; அவற்றை இழைத்து அழித்துவிடாதீர்கள்.

பெருமை எங்கே உள்ளது?

கைத்தொழிலைக் கீழானதாகக் கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழர் பலர் உட்பட அங்கு வாழ்ந்த குடும்பங்களோடு காந்தியடிகளும் தச்சு வேலை செய்தார். கட்டிடக் கலைஞரான காலன்பாக் அதற்கு வழிகாட்டினார். 1937இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலைப் படிப்பின் நடுவில் வைத்தது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சிறுமலையடிவாரத்தில் நிறுவிய காந்திகிராமம் அந்நெறியில் எழுந்ததே.

மதுரைப் பகுதியில் கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, இயற்கைச் செல்வத்தை இரு வகையாகப் பிரித்தார். இரும்பு, நிலக்கரி போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கச் செல்வம். மரம் போன்றவை மீண்டும் மீண்டும் விளையும் ஓட்டச் செல்வம். இப்பகுப்பைக் கொண்டு நோக்கினால் இழைப்புளியின் சிறப்பு விளங்கும். தேக்கத்திலிருந்து எடுத்த சிறிதளவு இரும்பு, ஓட்டத்திலிருந்து வரும் மரத்திற்குத் தலைமுறை தலைமுறையாகப் பயன் சேர்க்கிறது. அதனைத் துருவுக்கு இரையாக்குவது முதலையே அழிப்பதற்கு ஒப்பாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது கண்டு நாம் பெருமிதம் கொண்டோம். விளைபொருளுக்குச் செய்த மரியாதையைக் கருவிக்கும் செய்வோம். ஒவ்வொரு சங்கமும் நல்ல சாணைக்கல் ஒன்றும், தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றும், உப்புத்தாளும் எண்ணெயும் பொதுவில் வாங்கி வைக்கலாம். மாதம் ஒரு நாளைக் கருவி நாளாக வைத்து, மூத்த தச்சர் ஒருவருக்கு அன்றைய கூலியைக் குறைவின்றி அளித்து, இளைஞர்களுக்குக் கற்பிக்கச் செய்யலாம். அறிவை இலவசமாகக் கேட்பது கூட்டுறவு ஆகாது. கழிக்கப்படும் கருவிகளை ஏலத்தில் விடுமுன் உறுப்பினர் ஒருவர் பரிசோதித்துக் குறிப்பெழுதும் வழக்கத்தை நிர்வாகக் குழு தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

புதிய கருவி தேவைப்படுவோர்க்கும் வழியில்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைத் தொழில்களுக்கு மானியத்துடன் கடனுதவி அளிக்க வகுக்கப்பட்டது. எனினும் கையிலிருப்பது பழுது பார்க்கத் தக்கதாயின், கடன் விண்ணப்பம் எழுதுமுன் அதனைப் பழுது பார்ப்பதே சிக்கனம். வினிகரும் உப்புத்தாளும் இரண்டு நாள் உழைப்பும் வட்டி கேட்பதில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் நாளிருக்கிறது. பரணிலோ கொட்டிலிலோ கிடக்கும் இழைப்புளியைத் தேடி எடுங்கள். சந்தனம் பூசுவதற்கு முன் அலகைத் தீட்டுங்கள்.