காவலுக்கு வந்த வெள்ளச்சி

'தோட்டக் காவலுக்கு நாய் தேடுகிறேன். நாய்ப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், ஐந்து வயது ராஜபாளையம் பெட்டையைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வாங்கலாம். ஆனால், காவலுக்கு என்று நினைத்து வாங்க வேண்டாம். நான் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன்.

எங்கள் தோட்டம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்னைக்கு இடையே வாழை. காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கோடு தோண்டிப் போட்டுவிடும். ராஜபாளையம் நாய் என்றாலே பன்றி வேட்டைக்குப் பேர்போனது. 'ஆறு ஈத்து எடுத்தாச்சு. இனிமே தீனி போட்டு எனக்குக் கட்டாது. நீங்க கொண்டுட்டுப் போங்க' என்று பண்ணைக்காரர் சொன்னதும் வண்டி பிடித்துப் போய்விட்டேன்.

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நின்றால் முதுகு இடிக்கிற உயரத்தில் இரும்புக் கூண்டுகள். கழிவு கீழே விழுவதற்காக அடியில் கம்பி வலை. அதன் மேலேயே நின்று நின்று பாதவிரல்கள் விரிந்துபோய், நகம் வளைந்து சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாய் வளர்ப்புக்கு மத்திய அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது அது. ஐந்து வயதுக்குள் ஆறு ஈத்து என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குக் கொண்டுவந்து சாக்கை விரித்து இறக்கி விட்டோம். சாக்கை விட்டு மண்ணில் கால் வைக்கவே இல்லை. அந்தச் சாக்குக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. கூண்டில் வேறு எப்படி நடந்திருக்கும்? அம்மாதான் 'வெள்ளச்சி' என்று பேர் வைத்தார்கள்.

நாலாம் நாள் ராத்திரி மோட்டார் போட்டேன். ஸ்டார்ட்டர் சத்தத்துக்கு மிரண்டு, கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பேர் சொல்லிக் கத்தியபடியே பின்னால் ஓடினேன். அதைவிடப் பெரிய தப்பு வேறு கிடையாது. நான்கு நாளில் அதற்குப் பேரும் தெரியாது, என்னையும் தெரியாது. விரட்டுகிறார்கள் என்றுதான் நினைக்கும். விடியும்போது பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலில் பதுங்கியிருந்தது. பத்தடி தள்ளிச் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. ஒரு எட்டு நான் முன்னால் வைத்தால், அது ஒரு எட்டுக் கிணற்றுப் பக்கம் நகர்ந்தது.

'விரட்டாதடா, நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு' என்றார்கள் அம்மா. எங்கள் கிழட்டு நாட்டு நாய் கருப்பனை அவிழ்த்து விட்டார்கள். அவன் போய் மோந்து பார்த்துவிட்டு, அவன் பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடந்தான். வெள்ளச்சி அவன் வாலுக்குப் பின்னாலேயே வந்தது.

அதனால், முதலில் சொல்வது இதுதான். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அடைப்பான இடத்தில் வையுங்கள். வெளியே எடுத்தால் கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் போட்டு, இரண்டுக்கும் கயிறு கட்டிப் பிடியுங்கள். சங்கிலியில் கட்டிப் போடுவது கூண்டில் போடுவதற்குச் சமம். வீட்டில் சாதுவான நாய் ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. மண்ணில் நடப்பது, வாசல்படி தாண்டுவது, மனிதன் கையில் வாங்கித் தின்பது எல்லாவற்றையும் கருப்பன்தான் கற்றுக்கொடுத்தான். நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னால் பொய்.

நாம் செய்ய வேண்டியது சும்மா உட்கார்ந்திருப்பதுதான். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அவித்த முட்டைத் துண்டைத் தள்ளிப் போடுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம். வெள்ளச்சி என் கையிலிருந்து வாங்கித் தின்னவே ஏழு வாரம் ஆனது.

படுக்கிற இடம் வேறு, கழிக்கிற இடம் வேறு என்பதும் கூண்டு நாய்க்குத் தெரியாது. திட்டினாலோ அடித்தாலோ ஒளிந்து போகுமே தவிர, கற்றுக்கொள்ளாது. காலையில் எழுந்ததும், ஒவ்வொரு முறை தின்றதும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே போனால் உடனே ஒரு துண்டுக் கருவாடு. வீட்டுக்குள் போய்விட்டால், வாடை துளியும் இல்லாமல் கழுவிவிடுங்கள். தீனியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழைய தீனியோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றினால் வயிறு கெடாது.

வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வெள்ளச்சிக்கு மடியில் ஒரு கட்டி இருந்தது. உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். பல்லெல்லாம் காறை. உடம்பு தேறிய பிறகு கட்டியை எடுத்து, கூடவே கருத்தடையும் செய்தார். கருப்பை இருந்தால் வயதான பெட்டைக்குச் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். வெறிநோய்த் தடுப்பூசியை வருஷா வருஷம் போடுகிறோம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூப்பிட்டால் வரவில்லை என்று கோபப்படுவதற்கு முன்னால், அது பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள்.

இனி காவலுக்கு வருவோம். அமெரிக்காவில் மெக்மில்லன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும், குட்டி எடுப்பதற்காகவே பண்ணைகளில் வைத்திருந்து பிறகு வீடுகளுக்குப் போன 1,169 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விசாரித்து, 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரண வீட்டு நாய்களைவிட இவற்றுக்குப் பயம் அதிகம், தொட்டால் கூசுவது அதிகம், வீட்டுக்குள் அசுத்தம் செய்வது அதிகம். அதே சமயம், அந்நியர்களிடம் சீறுவது குறைவு. பயந்த நாய் நன்றாகக் குரைத்துக் காவல் காக்கும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெள்ளச்சி விஷயத்தில் அது பலிக்கவில்லை. பதினோராம் மாதம்தான் முதல் குரைப்பே கேட்டது. அதுவும் ஓர் உடும்பைப் பார்த்து.

இப்போது நாலு வருஷம் ஆகிவிட்டது. கருப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். களத்தில் வெயில் காய்கிறது, அம்மா பின்னாலேயே மாட்டுக் கொட்டகைக்குப் போகிறது, கதவைத் திறந்தே வைத்தாலும் எங்கும் போவதில்லை. இரும்பு வாளி கீழே விழுந்து சத்தம் கேட்டால் மட்டும் இன்னும் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். தீபாவளிக்கு நானும் அதோடு உள்ளறையில்தான் படுக்கிறேன்.

பன்றிக்குச் சோலார் வேலி போட்டுவிட்டோம்.